பேரனின் கம்ப்யூட்டரும் நமது கடைகளும்



மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மல்லி, வற்றல் மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பாவின் கல்லாவுக்கு வந்துவிட்டவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஏதும் இல்லை. ஆனால் 2025 மே மாதம் என் பேரனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அன்று கல்லாவுக்கு முன்னால் நின்று, நமது தொழிலை வாங்குபவர் கண்ணால் பார்த்தேன். பார்த்ததெல்லாம் மனதுக்கு இதமாக இல்லை. அதை நம் இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

பேரன் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். சாதாரணக் கம்ப்யூட்டர் போதாதாம். பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, சேர்த்துப் பூட்ட வேண்டுமாம். என் மகன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். "விளையாட்டுக்கு முக்கால் லட்சமா? அப்பா, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுக்காதீர்கள்" என்று என்னிடமும் சத்தம் போட்டான்.

மகன் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியால் குடும்பங்கள் தெருவுக்கு வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். தமிழ்நாடு அரசு 2023-ல் இதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. பேரனைக் கூப்பிட்டு, "நீ ஆடப்போவது அந்த ரகமா?" என்று நேராகவே கேட்டேன். அவன் ஆட விரும்பியது 2020-ல் வெளிவந்த வேலரன்ட் என்ற விளையாட்டு. ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சி. ஆட்டம் இலவசம். துப்பாக்கிக்கு அலங்காரம் வேண்டுமானால்தான் காசு. "அலங்காரம் வேண்டாம் தாத்தா" என்றான். அந்தப் பேச்சை நம்பினேன்.

மூன்று நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, மொத்தச் செலவு 80,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் பொங்கல், தீபாவளிக்குச் சேர்ந்த அவன் காசு 18,000 ரூபாயும் அடக்கம். இரண்டு, ஒவ்வொரு பாகமும் எதற்கு, ஏன் அந்த ரகம், மூன்று இடங்களில் விலை என்ன என்று கொள்முதல் சிட்டை போல எழுதிக் காட்ட வேண்டும். மூன்று, கம்ப்யூட்டர் கூடத்தில்தான் இருக்கும், தனி அறையில் அல்ல. நேரக் கணக்கும் உண்டு. தன் காசும் அதில் இருந்ததால் அவன் நிபந்தனைகளை மறுக்கவில்லை. சொந்தக் காசு போட்டவன் விலையைப் பார்க்கும் பார்வையே வேறு என்பது நமக்குப் புதிது அல்லவே.

நோட்டுப் புத்தகத்தில் வந்த சிட்டை

ஒரு வாரத்தில் நோட்டு வந்தது. படித்துப் பார்த்த எனக்கு வியப்பு. ஒரு நல்ல கொள்முதல்காரன் சரக்கைத் தெரிந்துவைத்திருப்பது போல அந்தப் பிள்ளை தெரிந்துவைத்திருந்தான்.

பிராசஸர் என்பது கணக்கு போடும் பாகம். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரையும் பாகம். விளையாட்டுக் கம்ப்யூட்டரில் பெரும் செலவு இதற்குத்தான். ராம் என்பது நம் கடையில் கைக்கெட்டும் முன்தட்டு போல, எஸ்.எஸ்.டி. என்பது கிடங்கு. கிடங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முன்தட்டு சிறிதாக இருந்தால் பையன் உள்ளுக்கும் வெளிக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். வாடிக்கையாளர் காத்து நிற்பார். இவை அனைத்தையும் இணைக்கும் பலகை மதர்போர்டு. வீட்டு மின்சாரத்தை வாங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள்.

"எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் தாத்தா" என்றான். ஒன்றை மட்டும் உயர்ந்த ரகமாக வாங்கிப் பயன் இல்லையாம். கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 120 படம் வரைந்து தந்தாலும், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். மீதி கண்ணுக்கு வராது. தராசில் ஆள் வேகமாக நிறுத்துக் கொடுத்தாலும் பில் போடுபவர் மெதுவானால் கடையில் கூட்டம் தேங்குகிறதே, அந்தக் கதைதான். அதனால் 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாத 24 அங்குல மானிட்டரை எழுதியிருந்தான். ராம் 16 ஜி.பி. வேண்டும்; அதையும் ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்க வேண்டும்; இரண்டு வழியில் சரக்கு இறங்கும் என்று விளக்கினான்.

பிராசஸர் 2022-ல் வந்த ரைசன் 5 5600. கிராபிக்ஸ் கார்டு 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060. "இதைவிடப் புதிது இல்லையா?" என்றேன். "இருக்கிறது. ஆனால் நான் ஆடுவதற்கு இது போதும்" என்றான். சந்தையில் புதிய சரக்கு வந்ததும் தேவை என்ன என்று பார்க்காமல் ஓடுகிற வியாபாரிகள் இந்தப் பதிலைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

முதல் கடை

நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். முதலில் போனது ஊரில் பெயருள்ள ஒரு பெரிய கடை. வாசலிலேயே "உள்ளூர்க் கடைகளை ஆதரிப்பீர்" என்ற அட்டை தொங்கியது. நம் கடைகளிலும் தொங்குகிற அட்டைதான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "வாங்க அண்ணாச்சி" என்று வரவேற்று, காப்பி வரவழைத்தார் உரிமையாளர். பேரன் நோட்டை நீட்டினான். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "இதெல்லாம் எதற்குத் தம்பி? முழு செட்டாகத் தருகிறேன்" என்று ஒரு தாளில் எழுதினார்: ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், கேமிங் கேபினெட், மானிட்டர். மொத்தம் 78,000 ரூபாய். தனித்தனி விலை இல்லை. எந்தக் கம்பெனி என்பதும் இல்லை.

"ஐ7-ல் எத்தனையாவது தலைமுறை அங்கிள்?" என்றான் பேரன்.

"ஐ7 என்றால் ஐ7தான் தம்பி. அதுதான் பெரியது" என்றார்.

பேரன் விடவில்லை. இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு நான்காம் தலைமுறை என்று வந்தது. வெளியே வந்த பின்பு பேரன் எனக்கு விளக்கினான். நான்காம் தலைமுறை 2013-ல் வந்தது. ஐ7 என்பது ரகத்தின் பெயர். தலைமுறை என்பது அறுவடை ஆண்டு. ரகம் உயர்ந்ததுதான், ஆனால் சரக்கு பன்னிரண்டு வருடத்துச் சரக்கு. மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் 11 அந்தப் பிராசஸரை ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிடும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அப்படியே நின்றும் போனது. அரிசியில் பழசு நல்லது. வற்றலில் பழசு தும்மல்கூட வராது. கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

"எஸ்.எம்.பி.எஸ். என்ன கம்பெனி?" என்று அவன் அடுத்துக் கேட்டான். "அது கேபினெட்டோடு இலவசமாக வரும்" என்று பதில் வந்தது. கடைசியாக அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன். இல்லையென்றால் உங்கள் கடை பெயரிலேயே பில் போடுகிறேன், வரியை வரவு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டு எங்கே போய் நிற்பது என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருந்தது. காப்பிக்கு நன்றி சொல்லி வெளியே வந்தோம்.

படி இறங்கும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, எல்லாக் கடையிலும் இப்படித்தானா?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய கார்டு

இடையில் ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பெட்டி புதிது போலவே இருந்தது. பாதி விலை என்றதும் என் கை பரபரத்தது, வியாபாரி புத்தி. பேரன்தான் தடுத்தான்.

2021-ல் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு உலகம் முழுவதும் பெரும் தட்டுப்பாடு. ஈத்தரியம் போன்ற இணைய நாணயங்களை உண்டாக்குவதற்கு இந்தக் கார்டுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அதன் பிறகு அதற்குக் கார்டுகள் தேவைப்படவில்லை. ஓட்டித் தேய்ந்த கார்டுகள் துடைக்கப்பட்டுப் பழைய சந்தைக்கு வந்தன. எல்லாப் பழைய கார்டும் அப்படிப்பட்டது அல்ல. ஆனால் பில்லும் வாரண்டியும் இல்லாத கார்டு எதில் ஓடியது என்று பார்த்துச் சொல்ல வழி இல்லை. வர்ணம் அடித்த லாரியை வாங்குவதற்கு முன் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிற நாம், இதையும் கேட்க வேண்டும் அல்லவா?

மாடியில் இருந்த கடை

மறுநாள் போனது ஒரு மாடிக் கடை. பத்துக்குப் பத்து இருக்கும். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். காப்பி எதுவும் வரவில்லை. பேரனின் நோட்டை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டு இடங்களில் சுழித்தார்.

"தம்பி, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் மதர்போர்டுக்கு 13,500 போட்டிருக்கிறாய். விளக்கு எரியும், பார்க்க அழகாக இருக்கும். இந்தப் பிராசஸருக்கு 8,400 ரூபாய் போர்டே போதும். எஸ்.எம்.பி.எஸ்.க்கு வெறும் 2,200 போட்டிருக்கிறாயே, அங்கேதான் மிச்சம் பிடிக்கக் கூடாது."

அவர் சொன்ன காரணம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வெளியே ஒட்டியிருக்கும் தாளில் 500 வாட் என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உள்ளே இருக்கும் சரக்கு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. தரமில்லாத பெட்டி போகும்போது தான் மட்டும் போகாது. சில சமயம் 28,000 ரூபாய்க் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். 80 பிளஸ் என்று ஒரு முத்திரை 2004 முதல் இருக்கிறது. கால் பாகத்துக்கும் குறைந்த பாரத்திலிருந்து முழுப் பாரம் வரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 80 பங்காவது பாகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை அளவு. மீதி சூடாகக் கழியும். நம் பாஷையில் சொன்னால் கழிவுக் கணக்கு. அந்த முத்திரை மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது என்பதையும் அவரே சொன்னார். கம்பெனி எத்தனை வருடம் வாரண்டி தருகிறது என்றும் பார்க்க வேண்டுமாம். 4060 கார்டுக்கு அதைத் தயாரிக்கும் கம்பெனியே 550 வாட் பரிந்துரைக்கிறது என்று காட்டி, அந்த அளவில் நல்லதாக ஒன்று 4,400 ரூபாய்க்கு எழுதினார்.

"யு.பி.எஸ். உன் பட்டியலிலேயே இல்லை. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வாய்?" என்று சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்தார். பேரனுக்கு முகம் சற்று வாடியது; விளக்கு எரியும் போர்டு போயிற்று அல்லவா.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "ஐயா, ஒரு குறையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் போர்டின் தளம் பழையது. நாளைக்குப் புதிய தலைமுறைப் பிராசஸர் மாட்ட வேண்டும் என்றால் முடியாது, போர்டையும் ராமையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2022-ல் வந்த புதிய தளத்தில் எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுமார் 12,000 ரூபாய் கூடும். உங்கள் வரம்பு 80,000. நீங்கள் முடிவு செய்யுங்கள்." விற்கப் போகும் சரக்கின் குறையைத் தன் வாயால் சொல்லும் வியாபாரியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பேரன் யோசித்துவிட்டு, "இதுவே போதும் அண்ணா" என்றான்.

முடிந்த கணக்கை நம் வாசகர்களுக்காக இங்கே தருகிறேன். பிராசஸர் 10,200, மதர்போர்டு 8,400, ராம் 3,200, கிராபிக்ஸ் கார்டு 27,800, ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. 5,300, எஸ்.எம்.பி.எஸ். 4,400, காற்றோட்டமான கேபினெட் 3,600, மானிட்டர் 9,800, கீபோர்டு, மவுஸ் 1,700, யு.பி.எஸ். 3,100. ஆக மொத்தம் 77,500 ரூபாய். பேரன் முதலில் எழுதிக் கொண்டுவந்தது 77,300. வித்தியாசம் 200 ரூபாய்தான். ஆனால் பணம் போய் உட்கார்ந்த இடம் மாறிவிட்டது. 18 சதவீத வரியோடு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பில். வரி மட்டும் 11,800 ரூபாய்க்குச் சற்று மேல்.

1,500 ரூபாய்

இனித்தான் எனக்குச் சங்கடம் வந்தது. அதே பொருள்கள் இணையத்தில் 76,000 ரூபாய் என்று பேரன் செல்போனில் காட்டினான். 1,500 ரூபாய் குறைவு. "தாத்தா, உங்கள் இஷ்டம்" என்றான்.

இணைய வியாபாரம் நம்மை விழுங்குகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். தீர்மானம் போடுகிறோம். நானும் மேடையில் பேசியிருக்கிறேன். முதல் கடையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் உண்மையாகவே சொல்கிறேன், நான் இணையத்தில்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். மேடைப் பேச்சைக் காப்பாற்றுவதற்காகப் பேரன் காசைப் பன்னிரண்டு வருடத்துச் சரக்கில் போட எனக்கு மனம் வந்திருக்காது. மாடிக் கடையில் நிலைமை வேறு. அந்தத் தம்பி எங்களோடு உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்கும், எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டிச் சரிபார்த்துத் தரும் வேலைக்கும் 1,500 ரூபாய் கூலி அதிகமா? அவர் அறிவை அவர் கடையில் வாங்கிக்கொண்டு, சரக்கை வேறு இடத்தில் வாங்குவது எடை போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவதைவிட மோசம். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த 1,500 ரூபாய் பன்னிரண்டாம் நாளே திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் ஓடாமல் நின்று நின்று போனது. பேரன் ராம் துண்டுகளில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, ஒரு துண்டு பழுது என்று கண்டுபிடித்தான். கடைக்கு எடுத்துப்போனதும் அந்தத் தம்பி தன் இருப்பிலிருந்து வேறு ஜோடி கொடுத்துவிட்டு, பழுதானதைக் கம்பெனிக்கு அனுப்பும் வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். ஒரு நாள்கூட வீணாகவில்லை.

2025 கடைசி மாதங்களில் ராம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. செயற்கை அறிவுக் கம்பெனிகளின் பெரிய கம்ப்யூட்டர்களுக்கே தயாரிப்பாளர்கள் சரக்கைத் திருப்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த சரக்கை நிறுத்தப் போவதாக டிசம்பரில் அறிவித்தது. பெரிய கொள்முதல்காரன் சந்தைக்கு வந்தால் சில்லறைக்குச் சரக்கு கிடைக்காது என்பதை நாம் துவரையில் பார்த்தோம். பேரன் ராமில் பார்த்தான். "மே மாதமே இன்னொரு ஜோடி வாங்கி வைத்திருக்கலாம் தாத்தா" என்றான். பதுக்கல் புத்தி இவ்வளவு சீக்கிரம் வருகிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

மூட்டையின் அடி

பேரன் படியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லாக் கடையிலும் இப்படித்தானா?

1989-ல் நடந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்ட மாதம். கிடங்கில் பழைய மல்லி ஆறு மூட்டை தேங்கிக் கிடந்தது. புதுமல்லி வந்ததும், பழையதை அடியில் கொட்டி, மேலே புதியதைப் பரப்பித் தைத்து, உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவருக்கு ஏற்றி அனுப்பினேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. பத்து நாள் கழித்து அவர் வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்து, பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தார். "கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றார். பேரேட்டில் கோடு போட்டதும் எழுந்து போனார். அதன் பிறகு நம் கடைப் படி ஏறவே இல்லை. பதினெட்டு வருட வாடிக்கை. பாக்கி வந்துவிட்டது என்று அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் கடையில் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்., நான் மூட்டையின் அடியில் கொட்டிய பழைய மல்லிதான். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மலிவான சரக்கை வைப்பது என்ற ஒரே வேலையைத்தான் இருவரும் செய்தோம். அதனால்தான் படியில் நின்ற பிள்ளைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அன்று வாங்குபவருக்குச் சரக்கைப் பற்றித் தெரியாது. செட்டியார் முறுக்கிலேயே காலம் ஓடியது. இன்று பதினைந்து வயதுப் பிள்ளை சரக்கின் பிறந்த வருடத்தை அறிந்துகொண்டு கடைக்குள் வருகிறான். மளிகைக்கும் அதுதான் நிலைமை. எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது, மஞ்சள் தூள் எந்த ஊர், பாக்கெட்டில் தேதி என்ன என்று வீட்டுப் பெண்மணிகள் நம்மைக் கேட்கிறார்கள். கேட்பவரைக் கண்டு நாம் எரிச்சல் அடைகிறோம். எரிச்சல் அடையக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. கேள்வி கேட்பவர்தான் நம்மிடம் வாங்க நினைப்பவர். வாங்க நினைக்காதவர் உசிலம்பட்டிக்காரர் போலக் கேள்வி கேட்காமல் போய்விடுவார்.

விலையில் இணையத்தோடு போட்டி போட நம்மில் பலரால் முடியாது. நம்மிடம் இருப்பது சரக்கைப் பற்றிய அறிவு, வாங்குபவர் தேவையைக் கேட்கும் பொறுமை, பழுதானால் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு. இந்த மூன்றும் இருந்தால் 1,500 ரூபாய் கூடக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள், நானே சாட்சி. இந்த மூன்றும் இல்லாமல் வாசலில் அட்டை மட்டும் தொங்கினால், அந்த அட்டையை நம் பேரப்பிள்ளைகளே மதிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் கடைக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறோம். என் பேரன் வருவானா என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் படிக்கவே போகலாம். ஆனால் தரம் பார்ப்பது, மூன்று இடத்தில் விலை கேட்பது, பில் கேட்டு வாங்குவது, வரம்புக்குள் நிற்பது இவையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்க நேர்ந்தால், பணத்தை மட்டும் நீட்டாமல் நோட்டையும் பேனாவையும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். என் மகன் இப்போது சமாதானம் ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவு எட்டரை மணிக்குக் கூடத்தில் ஆட்டம் நடக்கும்போது, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடது பக்கம் ஒருத்தன் நிற்கிறான் பாருடா" என்று சொல்வது அவன்தான்.

நம் மண்டிகளில் குத்தூசி இருக்கிறது. மூட்டையின் நடுவிலும் அடியிலும் குத்திச் சரக்கை எடுத்துப் பார்க்கிறோம். சரக்கை வாங்கும்போது அதை நாம் கையில் எடுக்கிறோம். விற்கும்போது மறைத்து வைக்கிறோம். சில மாதங்களாக என் கடையில் குத்தூசியை முன்மேசையில் வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வரும் கடைக்காரர்களிடம், "நீங்களே குத்திப் பாருங்கள்" என்கிறேன். சிலர் குத்திப் பார்க்கிறார்கள். சிலர், "உங்கள் கடையில் எதற்கு அண்ணாச்சி?" என்று சிரிக்கிறார்கள். உசிலம்பட்டிக்காரர் காதில் அது விழுந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!